துவித எண்ணைக் கையால் செய்து பார்ப்போம்: நான்கு சுவிட்ச், ஒரு 4511

பாடசாலையில் 13 போன்ற எண்ணைத் துவித எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் கொண்ட எண்ணாக மாற்ற, அதை 2ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதியைக் கீழிருந்து மேலே எழுதப் பழக்குவார்கள். விடை 1101 என்று சரியாக வரும். அந்த 1101 ஒரு ஐசிக்குள் எப்படிப் போகிறது என்பது மட்டும் பிடிபடாது.

எனக்கு வகுத்தலை விடப் படிக்கல் முறைதான் பிடிக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் 8, 4, 2, 1 கிலோ கற்கள் ஒவ்வொன்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 13 கிலோ நிறுக்க 8 வேண்டும், 4 வேண்டும், 2 வைத்தால் கூடிவிடும், 1 வேண்டும். வைத்ததற்கு 1, விட்டதற்கு 0. ஆக 1101. இந்த நான்கு கல்லால் 15 வரை எதையும் நிறுத்துவிடலாம்.

சரி, சாமான்கள்: சிடி 4511 ஐசி (துவித எண்ணை வாங்கி டிஸ்ப்ளேயில் எண்ணாக எரிய வைப்பது), காமன் கேத்தோட் செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே (ஏழு துண்டு விளக்கால் எண் காட்டுவது, எல்லாத் துண்டின் மைனஸும் ஒரே பொதுக் காலில்), நான்கு சுவிட்ச் உள்ள டிப் சுவிட்ச், 330 ஓம் தடையி 7, 10 கிலோ ஓம் தடையி 4, பிரெட்போர்ட் (ஈயம் பற்றாமல் கம்பியைக் குத்தி இணைக்கிற பலகை). ஹட்டனில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள். காமன் அனோட் டிஸ்ப்ளே இந்த ஐசிக்குச் சரிவராது. மின்சாரத்துக்குப் போன் சார்ஜரை விட மூன்று பென்டோர்ச் பேட்டரிதான் என் தெரிவு. 4511 ஐசி 3 வோல்ட்டிலிருந்து 15 வரை தாங்கும், மூன்று பேட்டரியும் தொடராகச் சேர்ந்து தரும் 4.5 தாராளம். இடி மழையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

16ஆம் காலுக்கு பிளஸ், 8க்கு மைனஸ். 3, 4ஆம் கால்கள் பிளஸுக்கு, 5ஆம் கால் மைனஸுக்கு. 13, 12, 11, 10, 9, 15, 14 ஆகிய கால்கள் அதே வரிசையில் டிஸ்ப்ளேயின் ஏ முதல் ஜி வரையான துண்டுகளுக்கு, ஒவ்வொன்றும் ஒரு 330 ஓம் வழியாக. டிஸ்ப்ளேயின் பொதுக் கால் மைனஸுக்கு.

உள்ளீட்டுக் கால்கள் வரிசையாக இல்லை: 1இன் இடம் 7ஆம் கால், 2க்கு 1ஆம் கால், 4க்கு 2ஆம் கால், 8க்கு 6ஆம் கால். ஒவ்வொன்றையும் சுவிட்ச் வழியாகப் பிளஸுக்கு இணையுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், சுவிட்ச் எல்லாம் ஓஃப் ஆக இருக்கும்போதே டிஸ்ப்ளேயில் 3 வரும், 7 வரும், கையைக் கிட்டே கொண்டுபோனால் மாறும். ஐசி பழுதில்லை. கம்பியைத் திறந்து விட்டால் அது 0 ஆகாது, அந்தரத்தில் தொங்கும். 5 வோல்ட்டில் இயங்கும்போது 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் 4511 அதை 0 என்று எடுக்கும், 3.5க்கு மேலே இருந்தால்தான் 1. நடுவில் கிடப்பதற்கு உத்தரவாதமே இல்லை. 4.5 வோல்ட்டில் இந்த எல்லைகள் சற்றுக் குறையும், கதை அதேதான். ஆகவே நான்கு உள்ளீட்டுக்கும் ஒவ்வொரு 10 கிலோ ஓம் தடையியை மைனஸுக்குப் போடுங்கள். சுவிட்ச் ஓஃப் ஆனால் தடையி காலைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஓன் ஆனால் பிளஸ் வென்றுவிடும். தடையி இல்லாமல் உள்ளீட்டுக் காலை நேரே மைனஸுக்குப் போடக்கூடாது, சுவிட்ச் ஓன் ஆனதும் பேட்டரி ஷோர்ட் ஆகும்.

இப்போது 0110 வைத்துப் பாருங்கள், 6 எரியும்.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவி, 1101 வைத்தால் டிஸ்ப்ளே இருண்டுவிடுகிறதே என்று கேட்டார். அது அப்படித்தான். 4511 ஒரு பிசிடி ஐசி, அதாவது 0 முதல் 9 வரை ஒரு இலக்கத்தை மட்டும் நான்கு துவித இடத்தில் வாங்குவது. 9க்கு மேலே போனால் எல்லாத் துண்டையும் அணைத்துவிடும். 13ஐக் காட்ட இரண்டு 4511 வேண்டும்: 1ஐக் காட்டும் ஐசிக்கு 0001, 3ஐக் காட்டும் ஐசிக்கு 0011.