கெடு தவறாமல் முடிக்க, அவகாச நாட்களை எங்கே வைப்பது?

சிறிய புத்தகம் ஒன்றை அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), அட்டை என மூன்று வேலைகள். நேராக நாட்கணக்குக்கு வருகிறேன்.

படி 1: ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள். எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, இழுத்தடித்தால் எத்தனை. மெய்ப்புக்கு 2, 4, 12 என்று வையுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 5 வரும். அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958 வாக்கில் உருவான ‘பெர்ட்’ முறையின் கணக்கு இது. வடிவமைப்புக்கு 3, 5, 7 என்றால் விடை 5. அட்டைக்கு 1, 2, 9 என்றால் 3.

படி 2: பல திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு வேலைக்குள்ளும் இரண்டு நாள் ஒளித்துவைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். ஐந்து நாள் வேலைக்கு ஏழு நாள் கொடுத்தால் அது ஏழு நாளையும் தின்றுவிடும். மிச்சமான நாளை யாரும் திருப்பித் தருவதில்லை. அவகாசம் முழுவதையும் திரட்டிக் கடைசியில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரே கட்டாக வையுங்கள். மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் 1997-இல் முன்வைத்த வழி இது.

எவ்வளவு வைப்பது? வடிவமைப்பும் மெய்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. இரண்டுக்கும் சேர்த்து 10 நாள். வடிவமைப்பு மிஞ்சிப்போனால் 2 நாள் தள்ளிப்போகும், மெய்ப்பு 7 நாள். இரண்டும் ஒருசேர இழுப்பது அரிது. ஆகவே அந்த 9-இல் பாதி, முழு எண்ணாக 5 போதும். 15-ஆம் வேலைநாளைக் கெடுவாகச் சொல்லுங்கள்.

படி 3: அவகாசம் கரைவதைக் கவனியுங்கள். பாதி வேலைகூட முடியாதபோதே அந்த ஐந்தில் மூன்று நாள் போய்விட்டால், அன்றே ஆள் சேர்ப்பதா பக்கத்தைக் குறைப்பதா என்று பேசிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் வேண்டாம். கட்டம் போட்ட தாளும் பென்சிலும்தான் என் தேர்வு. அடித்துத் திருத்திய தடம் அதில் அப்படியே நிற்கும். குழுவாக வேலை செய்தால் எக்செல் தாள் ஒன்று.

பின்சேர்க்கை: அட்டைக்கு ஏன் அவகாசம் இல்லை என்று சிலர் கேட்டார்கள். அது மற்ற வேலைகளோடு இணையாக நடப்பது. முதல் நாளே தொடங்கினால், பத்து நாளில் அட்டைக்கான மூன்று போக, 7 நாள் கையில் இருக்கும். அது ஒன்பது நாள் இழுத்தாலும் கெடு அசையாது. எட்டாம் நாள் தொடங்கினால் அந்த ஏழும் போய்விடும். அதன்பின் ஒவ்வொரு நாள் தாமதமும் கடைசியில் வைத்த ஐந்தைத்தான் அரிக்கும். அட்டைக்காரரிடம் இன்றே பேசிவிடுங்கள்.