படுக்கையருகே கண் ஸ்கேன்: மூளை அழுத்தம் கூடியிருப்பதை அறியும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்து மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் சி.டி. ஸ்கேன் வசதி கிடையாது. தலையில் அடிபட்டு மயங்கியவரையோ, எச்.ஐ.வி. தொற்றோடு பல நாள் தலைவலியும் வாந்தியுமாக வந்தவரையோ டர்பன் நகரின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா, அனுப்பினால் எவ்வளவு விரைவாக என்பதை இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய இடங்களில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கு, வார்டில் இருக்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் கருவியே இதில் ஓரளவு கைகொடுக்கும்.

மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் தொடர்கிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது அந்த உறை விரிகிறது. விழிக்குச் சுமார் 3 மி.மீ. பின்னால் அந்த விரிவு நன்றாகத் தெரியும். உறை சில நிமிடங்களிலேயே விரிந்துவிடும். பார்வை நரம்புத் தலையின் வீக்கமோ வெளிப்பட மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும் என்பதால், கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் ஆஃப்தல்மோஸ்கோப்பில் வீக்கம் தெரியவில்லை என்று நிம்மதி அடைவதற்கில்லை.

முதலில் விழி கிழிந்திருக்குமோ என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் இப்பரிசோதனையைச் செய்யக் கூடாது. ஐயமில்லையெனில், நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைப்பக்கத்தை 20 முதல் 30 டிகிரி உயர்த்துங்கள். நினைவோடு இருப்பவரைக் கண்களை மூடி, மூடிய இமைக்குள் நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். சூலு மட்டுமே பேசுபவரிடம் ‘வாலா அமெஹ்லோ’ என்றால் கண்களை மூடிக்கொள்வார். மூடிய இமையின் மேல் காற்றுக்குமிழி இல்லாமல் ஒளிபுகும் ஒட்டுத்தாளை ஒட்டி, ஜெல்லைத் தாராளமாக வையுங்கள். புரோப் (கருவியின் கையில் பிடிக்கும் முனை) இமையை அழுத்தாமல் ஜெல்லின் மேல் மிதக்க வேண்டும். அதற்கு உங்கள் கையின் விளிம்பை நோயாளியின் நெற்றியிலோ கன்னத்திலோ ஊன்றிக்கொள்வதே வழி.

உயர் அதிர்வெண் கொண்ட நேர்கோட்டுப் புரோப்பையும், கண்ணுக்கான அமைப்பையும் தேர்ந்தெடுங்கள். அந்த அமைப்பு இல்லாத கருவியில் ஒலியின் திறனைக் குறைத்து, திரையில் எம்.ஐ. எண் (ஒலியலை திசுவில் ஏற்படுத்தக்கூடிய விளைவின் குறியீடு) 0.23-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறை வேண்டாம். ஆழம் 4 முதல் 5 செ.மீ. போதும். நரம்பு மூக்குப் பக்கமிருந்து விழியை அடைவதால், புரோப்பை இமையின் வெளிப்பக்கத்தில் வைத்து மூக்கை நோக்கிச் சற்றே சாய்த்தால், கரிய விழிக்கோளத்துக்குப் பின்னால் அதைவிடச் சற்று வெளிறிய ஒரு பட்டை பின்னோக்கி இறங்குவது தெரியும்.

பிழை பெரும்பாலும் இனிமேல்தான் நேர்கிறது. விழிக்கோளத்தின் பின்விளிம்பிலிருந்து நரம்பின் அச்சு வழியே 3 மி.மீ. அளந்து, அந்தப் புள்ளியில் அச்சுக்குச் செங்குத்தாக உறையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை அளக்க வேண்டும். விழியிலிருந்து விழும் கரிய நிழலை நரம்பென்று எண்ணி அளப்பவர்கள் உண்டு. பட்டையின் இருபுறமும் உறையின் விளிம்பு தெளிவாகத் தெரியாத படத்தைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுங்கள். குறுக்குவாட்டில் ஒன்று, நெடுக்குவாட்டில் ஒன்று என இரு கண்களிலும் அளந்து சராசரி காணுங்கள்.

பெரியவர்களுக்கு 5 மி.மீ.-க்கும் குறைவென்றால் பொதுவாக இயல்பு. 6-ஐ நெருங்க நெருங்க அழுத்தம் கூடியிருக்கும் சாத்தியம் வலுக்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 4.5, அதற்கும் குறைந்தவர்களுக்கு 4 மி.மீ. என்பது வழக்கமான எல்லை. இயல்புக்கும் நோய்க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாததால், ஒரே ஓர் அளவை நம்பி முடிவெடுப்பதைவிட, ஒரே கை ஒரே நோயாளியிடம் சில மணி இடைவெளியில் எடுத்த அளவுகள் ஏறுகின்றனவா என்று பார்ப்பதையே நான் மேலாக மதிக்கிறேன். நரம்பழற்சி, கட்டி போன்றவையும் உறையை விரிக்கும். உணர்வு மங்கிவருபவருக்கு அளவு இயல்பாக இருந்தாலும் சிகிச்சையையோ அனுப்புவதையோ தள்ளிப்போடக் கூடாது.

உறையின் அளவு, அழுத்தம் கூடியிருக்கலாம் என்று சொல்லுமே தவிர, ஏன் கூடியது என்று சொல்லாது. நம் பகுதியில் அதுதான் முக்கியம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் முதுகில் ஊசி போட்டு நீரை வெளியேற்றுவதே அழுத்தத்துக்கான சிகிச்சை. ஊசி வழியே அளக்கும் அழுத்தம் 25 செ.மீ. (நீர் உயரம்) அல்லது அதற்கு மேல் இருந்தால் 20-க்குக் கீழோ, தொடக்க அளவில் பாதிக்கோ கொண்டுவர வேண்டும். ஆனால் காசநோய் மூளைக்காய்ச்சலில் நீரோட்டம் அடைபட்டிருந்தாலோ, மூளைக்குள் கட்டியோ இரத்தக்கசிவோ இருந்தாலோ, அதே ஊசி மூளையைக் கீழே இறங்கச் செய்து உயிரைப் பறிக்கக்கூடும். இரண்டிலும் உறை ஒரேபோல் விரிந்திருக்கும். ஆகவே கைகால் ஒரு பக்கம் தளர்வு, கண்மணிகளின் வேறுபாடு, புதிய வலிப்பு, மங்கும் உணர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஊசிக்கு முன் சி.டி.-க்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மேல் மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் இரு கண்களின் அளவுகள், எடுத்த நேரம், தலை உயர்த்தப்பட்டிருந்ததா, மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்ததா என்பவற்றைக் குறிப்பிடுங்கள். நீர் எடுத்தபின் மீண்டும் அளந்து பார்க்கலாம். ஆனால் நெடுநேரம் விரிந்திருந்த உறை, அழுத்தம் இறங்கிய பின்னும் உடனே சுருங்காமல் இருக்கக்கூடும் என்பதால், அந்த அளவை மட்டும் வைத்து ஊசியை மறுபடி போடாதீர்கள்.