கொழும்பிலிருந்து சொந்தமாக ஒரு எல்பி: முதல் தடவை போடுபவர்களுக்கு

பாட்டெல்லாம் தயார், இனி எல்பியாக, அதாவது வினைல் இசைத்தட்டாகப் போட வேண்டும் என்று வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எத்தனை நிமிடம்?

12 அங்குல எல்பியில் ஒரு பக்கத்துக்கு 18 நிமிடம் என்றால் ஒலி நிறைவாக இருக்கும். 22ஐத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். பாட்டின் சத்தம் குறைந்து தட்டின் இரைச்சல் மேலே வரும். பாடல் வரிசையும் இங்கேயே முடிவாகிறது. ஊசி வெளி ஓரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடும். லேபிளுக்குக் கிட்ட வரும்போது 21 தான். உள்ளே போகப் போகக் கூர்மையான ஒலிகள் சிதையும். ஆகவே நாதஸ்வரம் முழங்கும் பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்தில் வையுங்கள், தாலாட்டைக் கடைசியில்.

அடுத்தது மாஸ்டர், அதாவது தட்டு வெட்டக் கொடுக்கும் இறுதி ஒலிக்கோப்பு. இணையத்துக்குக் கொடுத்த அதே கோப்பை அனுப்ப வேண்டாம். வினைலுக்கென்று தனியாக, லிமிட்டரால் (சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் கருவி) நசுக்காத 24 பிட் வேவ் கோப்பு வேண்டும். ஏறத்தாழ 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் மோனோவாக, இடமும் வலமும் ஒரே ஒலியாக, நடுவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊசி துள்ளும். மிருதங்கத்தின் தொப்பியை (கனத்த ஒலி தரும் முகம்) ஒரு பக்கமாகத் தள்ளி மிக்ஸ் செய்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ‘ஸ்’ ஒலி. எங்கள் முதல் சோதனைத் தட்டில் அது வந்த இடமெல்லாம் சுடுகிற எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் தெறித்தது. ‘ஸ்’ ஒலியை அடக்கும் டீ-எஸ்ஸர் போட்டுத் திருத்தி, வெட்டுக் கூலியை இரண்டாம் முறையும் கட்டினோம்.

தட்டை வெளிநாட்டு ஆலையில்தான் அழுத்த வேண்டும். செக் குடியரசின் ஜிஸட் மீடியா 1951இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. சிறிய ஆலைகளும் உண்டு. பாட்டை வெட்டிய லாக்கர் என்ற மூலத் தட்டில் வெள்ளி படியவைத்து, நிக்கல் ஏற்றி, ஸ்டாம்பர் என்ற அழுத்தும் அச்சை எடுப்பார்கள். 100 தட்டுக்கும் 500 தட்டுக்கும் இந்தச் செலவு ஏறத்தாழ ஒன்றே. அதனால்தான் 100 போடும்போது ஒரு தட்டின் விலை அவ்வளவு ஏறுகிறது. 300 கறுப்புத் தட்டு, அச்சிட்ட உறையோடு, 2,000 முதல் 3,500 அமெரிக்க டொலர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரும் அனுப்பும் கூலியும் வேறு. 180 கிராம் தட்டு என்பதற்காக மட்டும் ஒலி நன்றாகிவிடாது. 140 கிராமே போதும், மிஞ்சும் காசை மாஸ்டருக்குக் கொடுங்கள்.

ஆலை தரும் தட்டுகளின் எண்ணிக்கை நீங்கள் கேட்டதைவிட 10 சதவீதம் கூடலாம், குறையலாம். பில்லும் அதற்கேற்ப மாறும். முன்பணம் கட்டிச் சில மாதம் கழித்துத்தான் மீதி கட்டுவோம். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டதை நாம் பார்த்தவர்கள். ஆகவே கணக்கில் கொஞ்சம் இடம் விடுங்கள். பிறர் பாட்டைப் பாடியிருந்தால் உரிமைக் கடிதத்தையும் இப்போதே வாங்குங்கள், ஆலை கேட்கும்.

சரி, எல்லாவற்றையும் அழுத்தும் முன் ஆலை அனுப்பும் சோதனைத் தட்டு வந்துவிட்டது. இங்கே அவசரமே கூடாது. வழக்கமாக 5 பிரதி அளவில் வரும். இரண்டு வேறு பிளேயரில், இரண்டு பக்கமும், வேறு வேலை பார்க்காமல் கேளுங்கள். ஒரு ‘டிக்’ கேட்டால் அதே இடத்தை மற்றப் பிரதிகளிலும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருந்தால் கோளாறு வெட்டிலோ ஸ்டாம்பரிலோ; ஒன்றில் மட்டும் என்றால் தூசியாகவும் இருக்கலாம். 1.8 விநாடிக்கு ஒரு தடவை வந்தால் அது சுற்றுக்கு ஒன்று: நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தின் கணக்கு அது. தம்புரா சுருதி மெல்ல மேலும் கீழும் ஆடினால் துளை நடுவில் இல்லை. எழுதி அனுப்புங்கள். சம்மதம் கொடுத்த பிறகு குறை சொல்ல முடியாது.

உறையோடு ஒரு தட்டு கால் கிலோ, 300க்கு 75 கிலோ. விமானக் கூலி, கப்பல் கூலி இரண்டையும் கேளுங்கள். சுங்கத்தில் 18 சதவீத வற் (VAT) வரியும் சேரும். ஓர்டர் கொடுக்கும் முன்பே கிளியரிங் ஏஜென்டிடம் முழுக் கணக்கு வாங்குங்கள். மொத்தச் செலவை 300ஆல் வகுக்க வேண்டாம், 250ஆல் வகுத்து விலை வையுங்கள். அன்பளிப்பும் உடைந்ததும் போக மிஞ்சுவது அவ்வளவுதான். முன்பதிவில் நூறு பேராவது பணம் கட்டிய பிறகே முன்பணம் அனுப்புங்கள்.

பெட்டிகள் வந்ததும் தட்டுகளை நிமிர்த்தி, நெருக்கமாக, சுவரோடு வெயில் படாத அறையில் அடுக்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம். கொழும்பு வெயிலில் ஒரு மதியம் போதும், தட்டு வளைந்துவிடும்.