கேட்ட கேள்விக்குத்தான் பதில்: கலிபோர்னியா விவாகரத்தில் எழுத்துக் கேள்வி, ஆவணக் கோரிக்கை - தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சென்னை ஃபிளாட்டை எப்போது உங்கள் தம்பி பெயருக்கு மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள், என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?"

சான் ஹோசேயில் ஒரு குடும்பநல வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக (வழக்கறிஞரின் உதவியாளராக) இருக்கிறேன். இங்கே விவாகரத்து வழக்கில் ஒரு தரப்பு மறுதரப்புக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்பலாம், ஆவணங்களும் கேட்கலாம். ஒரு பெண் தன் கணவருக்குத் தானே எழுதி அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு எங்களிடம் கொண்டுவந்த கேள்வி இது (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்). முப்பது நாள் காத்திருந்து கிடைத்த பதில் ஒரே வரி: கூட்டுக் கேள்வி, ஆட்சேபிக்கிறேன். அந்த ஆட்சேபனை கலிபோர்னியா சட்டப்படி சரியானதுதான். நாமாக எழுதும் கேள்வி ஒவ்வொன்றும் ஒரே விஷயத்தைத்தான் கேட்க வேண்டும். 'மற்றும்', 'அல்லது' போட்டு ஒட்டக் கூடாது, உட்பிரிவும் வைக்கக் கூடாது. இவர் ஒரே வரியில் மூன்று கேட்டுவிட்டார். அதிலும் மூன்றாவது ஒரு கேள்வியே அல்ல, சண்டை.

சண்டையைக் காகிதத்தில் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நீங்கள் கேட்க நினைத்ததற்கு எதிர்த்தரப்பு பதில் சொல்லாது. எழுத்தில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் சொல்லும். "உங்களுக்கு இந்தியாவில் வங்கிக் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டால், போன மாதம் மூடிய என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்குக்கு 'இல்லை' என்பது பொய்யாகாது. "2015 ஜனவரி முதல் இன்றுவரை உங்கள் பெயர் இருந்த, இந்தியாவில் உள்ள ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் குறிப்பிடுக" என்று கேட்டால் அந்தச் சந்து அடைபடும். 'இருக்கிற' என்பதை 'இருந்த' என்று மாற்றியதுதான் வித்தியாசம்.

கேள்வி எழுத உட்காருவதற்கு முன், ஏற்கெனவே வந்திருப்பதைப் படியுங்கள். இங்கே மனு போட்டவரும் பதில் போட்டவரும் அவரவர் தாக்கல் செய்த 60 நாளுக்குள் சொத்து-கடன் பட்டியல், வரவு-செலவு விவரம், கடைசி இரண்டு ஆண்டு வரிக் கணக்கு ஆகியவற்றை மறுதரப்புக்குத் தர வேண்டும். யாரும் கேட்காமலே தர வேண்டியவை இவை. அந்தப் பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது என்பதிலிருந்துதான் உங்கள் கேள்வி பிறக்க வேண்டும். பலர் அதைப் பிரித்தும் பார்க்காமல், வீட்டு விலை என்ன, கார் யார் பெயரில் என்று கேட்டுக் கேள்விகளை வீணாக்குகிறார்கள். நாமாக எழுதும் கேள்விகளுக்கு 35 என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், ஏன் தேவை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

அதைவிடப் பெரிய வீண், எஃப்எல்-145 என்ற நீதிமன்றப் படிவத்தை விட்டுவிடுவது. குடும்பநல வழக்குக்கென்றே அச்சிட்ட 21 கேள்விகள். கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினால் போதும், 35 கணக்கில் இவை சேராது. இதில் இரண்டு கேள்விகள் நம்மவர்களுக்காகவே எழுதியதோ என்று எனக்குத் தோன்றும். 13ஆம் கேள்வி, வேறொருவர் கையில் இருந்தாலும் உங்களுக்கு உரிமையோ கட்டுப்பாடோ உள்ள சொத்து எது என்று கேட்கிறது. அம்மாவின் லாக்கரில் இருக்கும் நகை, அப்பா பெயரில் போட்டு வைத்த எஃப்டி எல்லாம் இங்கேதான் வரும். 21ஆம் கேள்வி, கடந்த 24 மாதங்களில் துணையின் சம்மதமில்லாமல் கொடுத்த அன்பளிப்புகளைக் கேட்கிறது. தங்கை கல்யாணத்துக்கு அனுப்பிய பணத்தை அன்பளிப்பு என்றே நினைக்காதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆவணக் கோரிக்கையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. "உங்கள் எல்லா நிதி ஆவணங்களும்" என்று எழுதினால் திரும்பி வருவது ஆட்சேபனைதான். எந்த ஆவணம், எந்தக் காலத்துக்கு என்று வகை பிரித்துக் கேட்க வேண்டும். துணைவர் மென்பொருள் வேலையில் இருந்தால் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. கைக்கு வந்த பங்குதான் அதில் தெரியும். திருமண காலத்தில் நிறுவனம் ஒதுக்கி, இன்னும் வெஸ்ட் ஆகாத (முழு உரிமையாகக் கைக்கு வராத) ஆர்எஸ்யு என்ற நிறுவனப் பங்குகளிலும் உங்கள் பாகத்தைக் கேட்க முடியும். உழைத்த காலத்தை வைத்துப் பிரிக்கும் சூத்திரங்களை ஹக் (1984), நெல்சன் (1986) வழக்குகளிலிருந்தே நீதிமன்றங்கள் பயன்படுத்தி வருகின்றன. ஆகவே ஒதுக்கீட்டுக் கடிதம், வெஸ்டிங் அட்டவணை, பங்குக் கணக்கின் அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இந்தியக் கணக்குகளுக்கு, எஃப்பார் என்று அமெரிக்க அரசுக்குத் தரும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையின் நகலைக் கேட்பது நல்ல வழி. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அந்த அறிக்கை தர வேண்டும். கணக்கு வாரியாக அந்த ஆண்டின் உச்ச இருப்பு அதில் இருக்கும். ஆனால் அவசரப்படாதீர்கள். கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்த வரிப் படிவத்தில் 'வெளிநாட்டுக் கணக்கு இல்லை' என்று இருந்தால், அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. இந்தக் கோரிக்கையை அனுப்பும் முன் ஒரு வரி வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் பதில் சொல்லும் பக்கம் என்றால் முதல் எதிரி நாள்காட்டி. பதிலுக்கு 30 நாள். கலிபோர்னியாவுக்குள்ளிருந்து தபாலில் வந்திருந்தால் கூடுதலாக 5 நாள். அதைத் தவறவிட்டால் எல்லா ஆட்சேபனைகளும் போய்விடும், வழக்கறிஞரிடம் பேசியதை வெளியிட வேண்டாம் என்ற பாதுகாப்பு உட்பட. நீதிபதியிடம் கெஞ்சித்தான் மீட்க வேண்டும். அடுத்தது, பொய்ச்சாட்சி தண்டனைக்கு உட்பட்டு நீங்கள் போட வேண்டிய கையெழுத்து. அது இல்லாத பதில், பதிலே வராததற்குச் சமம். 'தெரியாது' என்று எழுதிவிட்டு நகரவும் முடியாது, நியாயமான முயற்சி எடுத்துத் தேடியிருக்க வேண்டும். "ஸ்டேட்மென்ட் என்னிடம் இல்லை, பேங்கில் இருக்கிறது" என்பதும் எடுபடாது. உங்கள் கணக்கு, கேட்டால் பேங்க் தரும். 600 பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாக்கித் தலையில் கொட்டும் பழக்கத்துக்கும் 2020 முதல் இடமில்லை. எந்தப் பக்கம் எந்தக் கோரிக்கைக்கு என்று குறித்துத் தர வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ராஸ்ஸி வழக்கு. 1996 டிசம்பரில் மனைவிக்கு லாட்டரியில் சுமார் 13 லட்சம் டாலர் பங்கு விழுந்தது. கணவரிடம் சொல்லாமல் சில நாட்களிலேயே விவாகரத்து மனு போட்டார். சொத்து விவரத்தில் அது இல்லை. 1999இல் லாட்டரிப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் கணவர் கைக்கு வந்து சேர்ந்தது. நீதிமன்றம் முழுத் தொகையையும் கணவருக்குக் கொடுத்தது. 2001இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

மழுப்பலான பதில் வந்தால் கோபத்தில் வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். எந்தப் பதில் ஏன் போதாது என்று எண் வாரியாகக் கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கையெழுத்திட்ட பதில் அனுப்பப்பட்டதிலிருந்து 45 நாளுக்குள் 'மேலும் பதில் தரச் சொல்லுங்கள்' என்ற மனுவைப் போட்டாக வேண்டும். விசாரணைக்கு 30 நாள் முன்பு டிஸ்கவரியே, அதாவது இந்தக் கேள்வி-ஆவணக் கட்டமே, முடிந்துவிடும், ஆகவே பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள்.

அந்தப் பெண்ணின் கேள்வியைத் திருத்தினோம். "ஏன் மறைத்தீர்கள்" போனது. மீதி இரண்டும் தனித்தனி எண்ணில் நின்றன. கூடவே ஓர் ஆவணக் கோரிக்கை: அந்த ஃபிளாட்டின் எல்லாப் பத்திர நகல்களும், சர்வே எண் தெரியும்படி. முதல் கேள்விக்கு ஒரு தேதி வந்தது. பத்திர நகலில் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைத் திறந்தோம். தம்பி பெயருக்குத் தான செட்டில்மென்ட், விவாகரத்து மனுவுக்கு ஏழு வாரம் முன்பு. அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது, கணவர் எந்தப் பட்டியலிலும் சொல்லாத ஓர் அடமானம்.