டர்போசார்ஜரையும் சூப்பர்சார்ஜரையும் பிரித்தறிவது எப்படி?

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடையளவில் அதைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவைப்படுகிறது. ஆகவே ஓர் எஞ்சினிலிருந்து கூடுதல் திறனைப் பெற விரும்பினால் எரிபொருளைக் கூட்டுவது மட்டும் போதாது. காற்றையும் அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்த வேண்டும். இரு கருவிகளும் இதைத்தான் செய்கின்றன. அழுத்துவதற்கான ஆற்றலை எங்கிருந்து எடுக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சினின் மற்ற பெல்ட்டுகள் ஓடும் பக்கத்தில், அதன் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியால் இயங்கும் காற்றழுத்தி இருந்தால் அது சூப்பர்சார்ஜர். புகைக்குழாய் தொடங்கும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் வெப்பத்தடுப்புத் தகட்டுக்குப் பின்னால், நத்தை ஓட்டைப் போல் சுருண்ட இரும்புக் கூடு தெரிந்தால் அது டர்போ. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மட்டும் கண்டு முடிவு செய்யாதீர்கள். அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பதால் அது இரண்டுடனும் வரலாம்.

சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால் ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே இழுவிசை கிடைக்கிறது. அதற்கான விலையை எஞ்சினே தருகிறது: 707 குதிரைத்திறன் கொண்ட டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் காரில், முழு வேகத்தில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கே சுமார் 80 குதிரைத்திறன் செலவாகிறது. டர்போவோ, வீணாக வெளியேறும் புகையின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு டர்பைன் என்னும் இதழ்ச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. புகை தடைபடுவதால் சிறிது இழப்பு உண்டு என்றாலும், சிக்கனத்தில் அதுவே மேல். ஆனால் குறைந்த சுழற்சியில் புகை போதாதபோது இழுவிசை சற்றுத் தாமதமாகவே வரும். இந்தக் குறையைப் போக்க, 2005இல் ஃபோக்ஸ்வேகன் தன் 1.4 லிட்டர் எஞ்சினில் இரண்டையுமே பொருத்தியது. திறமையான ஏற்பாடுதான், ஆனால் பழுதுபார்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கக்கூடியது.

அன்றாடப் பயணத்துக்கும் எரிபொருள் மிச்சத்துக்கும் டர்போவே பொருத்தம் என்பது என் கருத்து. இன்றைய டீசல் கார்கள் ஏறக்குறைய அனைத்திலும் அதுதான் இருக்கிறது.

டர்போ காரை வைத்திருப்பவர் எண்ணெயில் கவனமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டு, எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலத்தின் மீதுதான் மிதக்கிறது. எனவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தில் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள்; குளிர்ந்த எஞ்சினை உடனே முடுக்காதீர்கள். மலையேறியோ நெடுநேரம் வேகமாக ஓட்டியோ வந்து நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்ட பிறகு அணையுங்கள். இல்லையேல் தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகி, தண்டின் தாங்கிகளுக்கு (பேரிங்) எண்ணெய் செல்லும் வழியை அடைக்கக்கூடும். நீலப் புகையோ புதிதாக ஓர் ஊளைச் சத்தமோ எழுந்தால், தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சூப்பர்சார்ஜரில் பெல்ட்டின் தேய்மானத்தையும், தனி எண்ணெய் உள்ள வகையாயின் அதன் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.