படர்தாமரைக்கு க்ரீம் தடவும்போது

படர்தாமரை உள்ள இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, குளோட்ரிமசோல் 1% க்ரீமைக் காலை, இரவு இருவேளையும் மெல்லியதாகத் தடவுங்கள். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும்; இதை உண்டாக்கும் பூஞ்சை வெளிப்பக்கமாகத்தான் பரவுகிறது. அரிப்பு நின்றதும் க்ரீமை நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. தடிப்பு மறைந்த பிறகும் 2 வாரம் விடாமல் தடவுங்கள்.

கடையில் வாங்கும்போது டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் வேண்டவே வேண்டாம். இவை ஸ்டீராய்டு. அரிப்பு ஓரிரு நாளில் அடங்கிவிடும், ஆனால் பூஞ்சை படர்ந்துகொண்டே இருக்கும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து நிரந்தரமாக வரி விழலாம்.

தலையிலோ நகத்திலோ வந்தால் க்ரீம் மட்டும் பெரும்பாலும் போதாது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.