விண்வெளி போர்டு கேமுக்கு நாமே வரைபட விரிவாக்கம் செய்யலாம்: முதல் ஆறு டைல்கள்

ஒரே விண்வெளி விளையாட்டைப் பத்துப் பதினைந்து தடவை ஆடிவிட்டால், எந்தக் கோளைப் பிடித்தால் லாபம் என்பது மனப்பாடம் ஆகிவிடும். அப்போதுதான் வரைபடத்தைப் பெரிதாக்கும் ஆசை வரும். நானும் அப்படித்தான் அட்டை வெட்ட உட்கார்ந்தேன். வரைபடத்தை உருவாக்கும் அறுகோண அட்டைத் துண்டுகளை (டைல்கள்) ஓரத்தில் ஒரு சுற்று முழுக்கச் சேர்த்தேன். மூன்று மணி நேரம் ஆடியும் எதிரிக் கப்பலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் கோள்களை எண்ணிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

படி 1: முதலில் தூரம், அப்புறம் டைல்

அறுகோண வரைபடத்தில் நடுவில் 1 டைல், அதைச் சுற்றி 6, அடுத்து 12, அடுத்து 18. மொத்தம் 37. ட்விலைட் இம்பீரியம் என்ற விண்வெளி விளையாட்டை ஆறு பேர் ஆடும்போது இதுதான் அமைப்பு: நடுவில் மெக்கடோல் ரெக்ஸ் என்ற கோள், ஆறு மூலைகளிலும் ஆட்டக்காரர்களின் வீடுகள், அதாவது சொந்தக் கோள்கள். பக்கத்து ஆட்டக்காரர் 3 கட்டம் தள்ளி, எதிரே இருப்பவர் 6 கட்டம் தள்ளி. இன்னொரு சுற்று சேர்த்து வீடுகளையும் வெளியே தள்ளினால் 24 டைல் கூடி 61 ஆகும். தூரம் 4, 8 ஆகிவிடும். தொடக்கத்தில் படைகளைச் சுமக்கும் கேரியர் கப்பல் ஒரு நகர்வுக்கு ஒரு கட்டம்தான் போகும். மேஜை நிறையும், ஆட்டம் வெறிச்சோடும்.

ஆட்டக்காரர்கள் கூடினால் கதை வேறு. 2020-இல் வந்த ப்ராஃபெசி ஆஃப் கிங்ஸ் விரிவாக்கம் ஆட்டத்தை எட்டுப் பேர் வரை கொண்டுபோனது. அங்கே கூடுதல் இடம் தேவை. ஆட்களின் எண்ணிக்கை மாறவில்லை என்றால் ஆறு பழைய டைலை வெளியே எடுத்து, ஆறு புதியதை உள்ளே வையுங்கள். எக்லிப்ஸ் போல, ஆடும்போதே டைலை எடுத்து வரைபடத்தை வளர்க்கும் விளையாட்டு என்றால், உங்கள் டைல் உள்வட்டம், நடுவட்டம், வெளிவட்டம் ஆகிய அடுக்குகளில் எதில் சேரும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: ஆறில் என்னென்ன?

என் பரிந்துரை: கோள் உள்ளவை மூன்று, புழுத்துளை (தூரத்து இடங்களை இணைக்கும் குறுக்குவழி) ஒன்று, ஆபத்தான இடம் ஒன்று, வெற்று வெளி ஒன்று.

கோளுக்கு மதிப்பு எழுதும்போது கை தாராளமாகிவிடும். பெட்டியில் உள்ள டைல்களின் மதிப்புகளைக் கூட்டிச் சராசரி பாருங்கள்; அதை ஒட்டியே எழுதுங்கள். இருப்பதிலேயே சிறந்த டைலைவிடச் சிறந்ததாக ஒன்றைச் செய்தால், அது யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் ஜெயிப்பார்.

புழுத்துளை ஒன்று போதும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே குறியுள்ள புழுத்துளைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்துக் கட்டங்களாகக் கணக்கு. இரண்டு இருந்தால் ஒரு வழி. மூன்றானால் மூன்று வழி, நான்கானால் ஆறு! ட்விலைட் இம்பீரியத்தின் அடிப்படைப் பெட்டியில் ஆல்பா குறிக்கு இரண்டு டைல்தான். மூன்றாவதைச் சேர்த்தாலே ஆட்டத்தின் முகம் மாறிவிடும்.

ஆபத்தான இடம் என்றதும் புதியவர்கள் சூப்பர்நோவாவைத்தான் வரைவார்கள். அதற்குள் கப்பல் நுழையவே முடியாது. அது வெறும் சுவர். எனக்குப் பிடித்தது ஈர்ப்புப் பிளவு: அங்கிருந்து வெளியேறும் கப்பலுக்கு ஒரு கட்டம் கூடுதல் வேகம், ஆனால் பத்து முகப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் கப்பல் காலி. போகலாமா வேண்டாமா என்று ஆளைத் தவிக்க வைப்பதுதான் நல்ல டைல்.

படி 3: வெட்டுவது

பழைய டைலை வைத்துப் பென்சிலால் வரையாதீர்கள். கோடு வெளிப்பக்கம் விழுவதால் ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதாகி, சேர்த்து வைக்கும்போது முட்டிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்து 1.732-ஆல் வகுங்கள். 10 செ.மீ. என்றால் 5.77 செ.மீ. அதே ஆரத்தில் வட்டம் போட்டு, காம்பஸைக் கலைக்காமல் வட்டத்தைச் சுற்றி ஆறு புள்ளி வைத்து இணைத்தால் அறுகோணம் தயார்.

பழைய டைலின் தடிமனுக்கு ஏற்ற அட்டை எடுங்கள். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் லேசாக நாலைந்து தடவை இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் சாய்ந்துவிடும். காகிதத்தை இருபக்கமும் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை வளையும். ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்கு அடியில் கிடக்கட்டும்.

படி 4: ஆளில்லாமல் ஒரு சோதனை

நண்பர்களை அழைக்கும் முன் வரைபடத்தைத் தனியாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு நகர்வுக்குள் எத்தனை கோள்களை எட்டலாம் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்கு இரண்டு என்றால் டைலை இடம் மாற்றுங்கள். ஆபத்தான இடங்கள் இரண்டு ஒட்டி வரக்கூடாது. அதே குறியுள்ள புழுத்துளைகளும் அப்படித்தான்.

வீட்டில் செய்த டைலின் பின்பக்கம் எப்படியும் கொஞ்சம் வேறாகத்தான் தெரியும். அதனால் எல்லா டைலையும் ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி எடுங்கள். முன்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டால், ஆட்டம் முடிந்து பெட்டியில் அடுக்கும்போது உங்கள் ஆறையும் சுலபமாகப் பிரித்துவிடலாம்.